திருவிருந்துக்கு எழும்பாதவன்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நோன்பு நாட்களில் ஒவ்வொரு மாலையும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, கர்த்தருக்கு முன் சரிசெய்துகொள்ள வேண்டியதை ஒரு வரியாவது எழுதுங்கள் என்று போதகர் ஜெபசிங் ஐயர் காலை ஆராதனையில் சொன்னார். எழுத விருப்பமில்லாதவர்கள் நினைத்துப் பார்த்தாலே போதும் என்றார். எனக்கு நினைத்தால் போதாது, எழுதினால்தான் நிற்கும். வேதியியல் ஆசிரியனாக இருந்தபோது மாணவர்களிடம் சொல்வேன்: சோதனை முடிந்த கையோடு கண்ணாடிக் குழாயைக் கழுவிவிடு, நாளைக்கு என்று வைத்தால் கறை உட்கார்ந்துவிடும். ஆன்மாவுக்கும் அதுதான் விதி என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

இன்றையது: மோட்டார் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் போனில் எரிந்து விழுந்தேன். அவர் வெயிலில் வந்து பார்த்தார். மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தது நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. "ஏதோ லூஸ் கனெக்‌ஷன் போல" என்றேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வேதபாடம் வாசித்தது இன்றும் தவசிமுத்துதான். என்னோடு ஒரே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் போதகர் என்னிடம் வந்து, "சார், இத்தனை வருஷமா நீங்களே வாசிச்சிட்டீங்க. தவசிமுத்து அண்ணாச்சி குரல் மைக் இல்லாமலே ரோடு வரைக்கும் கேக்குது. கொஞ்ச நாள் அவங்க வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன் என்று நினைவு.

அவர் வாசிப்பது கேட்கிறது, அதில் சந்தேகமில்லை. அசீரியா ராஜாக்களின் பெயர் வரும்போது மட்டும், அணிவகுப்பில் கால் மாறிப்போனவன்போல ஒரு குதி குதித்துத் தாண்டிவிடுகிறார். சபையார் அதையும் ரசிக்கிறார்கள். இன்று குரல் கொஞ்சம் கரகரத்தது.

பாடம் முடிந்து முழங்காலிட்டபோது எனக்கு ஒரு நினைவு வந்தது. ஜெபம் என்றும் அதைச் சொல்லலாம். எழுத வேண்டாம்.

பிப்ரவரி 26, வியாழன்

என் மனைவி தங்கபாய் கோயில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலிருந்து வேகமாக வந்தாள்.

"கேட்டியளா? தவசிமுத்து அண்ணனுக்குத் தொண்டையில கட்டியாம். திருநெல்வேலியில ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. நாளைக்கே ஆபரேஷன். குரல் திரும்ப வருமான்னு கேட்டா டாக்டர் பிடிகொடுத்துப் பேச மாட்டேங்காராம். அவரு பொஞ்சாதி மேரி அழுத அழுகை பாக்க முடியல."

"ஐயோ பாவம்," என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பும் அப்பளமும். தங்கபாய் கரண்டியோடு நின்று, "என்ன, இன்னிக்குத் திரும்பத் திரும்பச் சோறு கேக்கிய? வழக்கமா ஒரு கரண்டிக்கே மல்லுக்கட்டணும்," என்றாள். பசி, என்றேன்.

போதகர் போன் செய்தார். வருகிற ஞாயிறு பாடம் நான் வாசிக்க வேண்டும். வேத அதிகாரத்தை எடுத்து வைத்துச் சத்தமாக வாசித்துப் பழகினேன். தொண்டை நன்றாக இருக்கிறது.

இன்றையது: குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

மார்ச் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனை.

பாடத்தை நன்றாக வாசித்தேன். எல்லாப் பெயர்களும் சரியாக வந்தன. இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது முன்வரிசையில் இருந்த மருதநாயகம் டாக்டர் திரும்பித் தலையசைத்தார். இனித்தது. அந்த இனிப்போடுதான் பாவ அறிக்கை ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். நினைவிலும் சொல்லிலும் செயலிலும் பாவம் செய்தோம் என்று சிறுவயது முதல் சொல்லிவரும் வாக்கியம். தினமும் முகம் கழுவுவதுபோல, சொல்கிறேன் என்ற உணர்வே இல்லாமல் சொல்லிவிடுவேன். இன்று "நினைவிலும்" என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி நான் ஏன் அவ்வளவு சாப்பிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

வரிசை வரிசையாக எழும்பி, பீடத்துக்கு முன் தடுப்பாக நிற்கும் கிராதியண்டை போனார்கள். எங்கள் வரிசை எழும்பியது. தங்கபாய் எழும்பினாள். நான் எழும்பவில்லை. அபாத்திரனாய், தகுதியில்லாதவனாய், அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். நானும் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்திருக்கிறேன். மற்றவர்கள் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

வாசலில் போதகர் கைகுலுக்கி, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?" என்றார். மூட்டுவலி என்றேன். திருவிருந்து நாளில், கோயில் வாசலில், போதகரிடம் ஒரு பொய்.

மார்ச் 3, செவ்வாய்

செல்லையா தாமஸ் வந்திருந்தார். முன்பு சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியின் செயலராக இருந்தவர். ஜெபசிங் ஐயர் வந்தபின் அந்த இடம் போய்விட்டது. உள்ளே வரும்போதே இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"சார்வாள்! சரியான அடி!"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்கதைப் பாருங்க! காலகாலமா வாசிச்சவங்களைத் தூக்கிட்டு, அந்த ஆளு ஆஸ்பத்திரிக்குப் போனதும் 'வாங்க சார்'ன்னா? நீங்க வாசிச்சீங்க, அது கடமை. ஆனா ஐயரைப் பாத்து 'உம்ம கையால வாங்க மாட்டேன், வே'ன்னு உக்காந்துட்டீங்க பாத்தீங்களா! கோயில் முழுக்கப் பாத்துது. நாங்க நூறு மொட்டைக் கடுதாசி போட்டாலும் இந்த வலு வருமா?"

எங்கள் ஊரில் ஒருவன் திருவிருந்துக்கு எழும்பாவிட்டால் அவன் மனச்சாட்சியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஐயரோடு மனத்தாங்கல் என்றுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எப்படி மறந்தேன்?

"அப்படி இல்லை, செல்லையா. அது வந்து... வேற காரணம்."

"பெரிய மனுசன், வாயத் தொறந்து சொல்லுவீங்களா? எங்களுக்குப் புரியாதா?"

காபி குடித்துவிட்டுப் போனார். நான் மறுத்தேனா? மறுத்தேன். ஆனால் கேட்கும்படி மறுக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பாடம் வாசித்தேன். கோயிலில் இதுவரை எனக்குத் தலையாட்டாதவர்களெல்லாம் தலையாட்டுகிறார்கள். செல்லையாவின் மைத்துனர் என் செருப்பை எடுத்துப் போட வந்தார். பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

காலை உபவாசம். பாவமன்னிப்புச் சங்கீதத்தை முழங்காலில் நின்று வாசித்தேன். மத்தியானமும் வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கழுவப்பட்டதுபோல இருக்கிறது. எழும்பிப் பாயைச் சுருட்டுவதற்குள் சந்தேகம் வந்துவிடுகிறது. சரியான மனந்திரும்புதலோடு கேட்டேனா, அல்லது கேட்டதாக எழுதிக்கொள்வதற்காகக் கேட்டேனா?

தங்கபாய்: "யாருக்காக இந்தப் பட்டினி? முகமெல்லாம் சுருங்கிப் போச்சு. இப்படியே போனா ஈஸ்டருக்கு உங்க சட்டை மட்டும்தான் கோயிலுக்குப் போவும்."

மார்ச் 15, ஞாயிறு

சாயங்காலம் போதகர் தனியாக வந்தார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். பார்த்தால் பேசுவார்கள் என்று. சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தங்கபாய் முறுக்கு வைத்தாள், தொடவில்லை.

"சார், பாடம் வாசிக்கிற விஷயத்துல நான் உங்க மனசை நோகடிச்சிட்டேன். குரல் குரல்னு பேசினேனே தவிர, உங்க இடத்துல இருந்து யோசிக்கல. உங்க பேரைச் சொல்லி நிறைய பேர் வருத்தமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

இதுதான் சமயம். ஐயா, உங்கள்மேல் ஒன்றுமில்லை. நான் செய்தது இது என்று சொல்லியிருக்க வேண்டும். வாக்கியத்தை மனதுக்குள் எழுவாய் பயனிலையோடு அமைத்தும் விட்டேன். வாயைத் திறந்தபோது வந்தது: "பரவாயில்லை ஐயா. மறந்துருவோம்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். தவறு செய்யாத ஒருவரை, தவறு செய்த நான் மன்னித்தேன். அவருக்காக ஜெபமும் செய்து அனுப்பினேன்.

மார்ச் 19, வியாழன்

தவசிமுத்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று போய்ப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன்.

கழுத்தில் கட்டு. பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. பேசினாலும் வெறும் மூச்சுக்காற்றுதான் வருகிறது. ஆள் மெலிந்திருக்கிறார், அடங்கவில்லை. கழுத்தில் பழைய பள்ளிக்கூட விசில் தொங்குகிறது. ஊதினால் மேரி அடுக்களையிலிருந்து வர வேண்டும்.

"கல்யாணம் ஆன நாளிலிருந்து கூப்பாடு கேட்டுக் கேட்டுக் காது போச்சு, இப்ப விசில் வேற," என்றார் மேரி. "சார்வாள், அந்த விசிலை நீங்களே வாங்கிட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சொல்லிவிட்டுச் சிரித்தார், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெயிலைப் பற்றிப் பேசினேன். மாத்திரைகளைப் பற்றிப் பேசினேன். எழும்பப்போனபோது தவசிமுத்து என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டையைக் காட்டி, கையைக் கூப்பிக் காட்டினார். ஜெபம் பண்ணச் சொல்கிறார்.

பண்ணினேன். அழகான ஜெபம். இந்தச் சகோதரனின் குரலைத் திரும்பத் தாரும் என்று கேட்டேன். மேரி ஆமென் என்று அழுதார். வெளியே வந்து அவர்கள் வீட்டு மதில் ஓரம் வெகுநேரம் நின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

செல்லையா என்னைக் கோயில் வேப்பமரத்தடியில் மறித்தார்.

"ஈஸ்டரும் முதல் ஞாயிறும் ஒண்ணா வருது, சார்வாள். ஆண்டவராப் பாத்துக் கொடுத்த நாள். நம்ம மேலத்தெரு ஆளுக ஒருத்தரும் எழும்ப மாட்டாங்க. நீங்க முதல் வரிசைக்கு வந்து உக்காருங்க, போதும். ஐயர் அப்பத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்கட்டும். பிஷப் ஐயா காதுக்கு அன்னிக்கே போயிரும். மே மாச மாறுதல்ல மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"செல்லையா, திருவிருந்தை அப்படி..."

"நீங்க காட்டின வழிதானே!"

என் ஒருவன் அழுக்கு, ஒரு தெருவையே பந்தியிலிருந்து விலக்கிவிடப் போகிறது. பையனைப் போன்ற அந்தப் போதகர், உயிர்த்தெழுந்த நாளில், யாரும் வராத கிராதிக்கு உள்ளே நிற்பார். நான் வாயைத் திறந்தால் தவிர. திறந்தால் ஏன் எழும்பவில்லை என்று கேட்பார்கள்.

மார்ச் 27, வெள்ளி

தங்கபாயிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இங்கும் எழுதிவிடுகிறேன். தவசிமுத்துவின் குரல் கரகரத்த அன்று முழங்காலில் நான் சொன்னது: ஆண்டவரே, இந்தக் குரல் கொஞ்ச நாள் ஓய்ந்திருக்கட்டும். அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டேன். கட்டி என் ஜெபத்துக்கு முன்பே வளர்ந்திருந்தது என்று அறிவியல் படித்த எனக்குத் தெரியும். அதற்காக நான் பயப்படவில்லை. செய்தி வந்தபோது எனக்குப் பசித்ததே, அதற்கு அறிவியலில் பதில் இல்லை.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலியே?"

"என்னத்தைச் சொல்ல? நீங்களா வருவியன்னு இருந்தேன். ஆனா எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கா தொண்டையில கட்டி? போங்க, அங்க போய்ச் சொல்லுங்க."

"அவர் மன்னிக்கலேன்னா?"

"மன்னிக்கலேன்னா மன்னிக்கல. அது அவரு பாடு. இது உங்க பாடு."

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

கால் கழுவும் ஆராதனை. சபையின் மூத்தவர்கள் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன் நாற்காலியில் உட்காரவைத்து, ஆண்டவர் சீஷர்களுக்குச் செய்ததுபோலப் போதகர் காலைக் கழுவித் துடைப்பார். அழுக்குக் காலோடு யாரும் வருவதில்லை. எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டுதான் வருவார்கள். தங்கபாயும் என்னை வாளியண்டை உட்காரவைத்து வெடிப்பைத் தேய்த்துத் தள்ளினாள். போதகருக்குக் கழுவ நாங்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. இத்தனை வருடம் இது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

பக்க அறையில் காத்திருந்தோம். என் அடுத்த நாற்காலி தவசிமுத்துவுடையது. மற்றவர்கள் உற்சவம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காதருகே குனிந்து சொன்னேன். கேட்ட ஜெபத்தையும் சொன்னேன், சாப்பிட்ட சோற்றையும் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை; திக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனைக்கு உள்ளே போய் உட்கார்ந்ததும் எழும்பி, தன் நாற்காலியைச் சபையார் முன்னிலையில் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் வரிசையின் மறுகோடியில் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் ஒரு நாற்காலி அகலத்துக்கு வெறுமை. போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு அந்த வெறுமையைத் தாண்டி என்னிடம் வந்தார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் கழுவப்பட்டதாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மத்தியானம் மும்மணி நேர ஆராதனை. ஒன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 4, சனி

காலையில் மேரி வந்து, "அவங்க உங்களை வரச் சொல்லுதாங்க," என்றார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கபாய் என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

தவசிமுத்து கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லிக் காட்டினார். டாக்டர் உத்தரவை மீறிக் காற்றாகப் பேசினார். காதை அவர் வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வியாழக்கிழமை ராத்திரி பூரா உம்மைத் திட்டினேன், வே."

தலையசைத்தேன்.

"என் ஆயுசுல இருக்க அத்தனை கெட்ட வார்த்தையும். சத்தம் வரலேன்னாலும் திட்டினேன்." மூச்சு வாங்கினார். "ஐயர் கழுவி விட்ட கால். ஈரம்கூட காயல. வீட்டுக்கு வரதுக்குள்ள திட்டித் திட்டி அழுக்கு. அப்ப உம்ம கணக்குப்படி நானும் நாளைக்கு எழும்பக்கூடாது. மேரி என் விசிலுக்கு மனசுக்குள்ள என்னென்ன சொல்லுதாளோ, அவளும் எழும்பக்கூடாது. கோயில்ல ஒருத்தனும் எழும்ப முடியாது. ஐயர் தனியா நின்னு எல்லாத்தையும் சாப்பிட வேண்டியதுதான்."

"அப்ப என்னை..."

"இரும், அவசரப்படாதீரும். இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு. அது போகும்போது போகும். நாளைக்கு எழும்பும். அந்தச் செல்லையாவுக்குக் கேக்கிற மாதிரி சொல்லிட்டு எழும்பும். உம்ம குரல் மூணாம் பெஞ்சு தாண்டாது." என் வயிற்றில் விரலால் குத்தினார். "இங்க இருந்து வரணும்."

அங்கிருந்து நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் கேட்ட மன்னிப்பை நான் வாங்கியிருக்கக்கூடாது, திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதை நீங்களே வச்சுக்கோங்க சார்," என்றார். "வேற ஏதோ ஒண்ணுக்கு உங்க மன்னிப்பு எனக்கும் தேவைப்பட்டுது." பிறகு, "சபையில சொல்லணும்னு கட்டாயம் இல்லை. இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல முடிஞ்சுபோச்சு," என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைக் கவனித்தேன். அந்த ஆறுதலே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நாளைக்கு உட்காரப்போகிறவர்கள் என்னைப் பார்த்து உட்காரப்போகிறவர்கள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. கோயில் நிரம்பி வெளியே பந்தல்வரைக்கும் ஆட்கள். மேலத்தெருக்காரர்கள் இடதுபுறம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லையா எனக்கு முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். நான் போய் அங்கேயே உட்கார்ந்தேன். எழும்பும்போது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று.

பாவ அறிக்கை ஜெபம் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். போதகர் பந்திக்கு அழைத்தார். ஒருவரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழும்பி, சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

"போன மாதம் நான் திருவிருந்துக்கு எழும்பவில்லை. ஐயர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அன்றைக்கும் இல்லை. ஒரு சகோதரனுக்குக் கேடு வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. சந்தோஷப்பட்டேன். அதனால் உட்கார்ந்தேன். அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. அந்தச் சகோதரனிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்குப் போகிறேன்."

பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் மரியாதை என்று நினைத்தேன். சபை முழுவதும் யார் யார் என்று தலையைத் திருப்பியது. பின்னால் தவசிமுத்து, அட்டென்ஷனில் நிற்பவர்போல விறைப்பாக எழும்பி நின்று, தன் நெஞ்சைத் தானே தொட்டுக் காட்டினார். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். பிறகு அவர் நடந்து வந்தார். மேரி பின்னால் வந்தார். தங்கபாய் வந்தாள். மேலத்தெரு வரிசையிலிருந்து முதலில் கிழவிகள் எழும்பினார்கள். அவர்களை யார் தடுக்க முடியும்? பிறகு மற்றவர்கள். செல்லையா கடைசிவரை எழும்பவில்லை. அவருக்காக நான் வருத்தப்பட வேண்டும், முழுதாக முடியவில்லை.

போதகர் கையில் வைத்த அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

வெயில் ஏறியபிறகு நானும் தங்கபாயும் நடந்தே திரும்பினோம். வழியில் கேட்டேன்:

"கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுதா?"

"பந்தலுக்கே கேட்டுது."

"தெளிவாவா?"

"தெளிவா."

"தவசிமுத்து வாசிச்சாக்கூட அவ்வளவு தூரம்..."

அவள் நின்றுவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் பக்கத்து மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"கிராதிய விட்டு எறங்கி இன்னும் வீடு வந்து சேரல! அதுக்குள்ளயா!"

நடுரோட்டில் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டேன். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி நின்று மீதியையும் கேட்டு முடித்தேன்.